மூளை அறிவியல் பட்டத்துக்குப் பிறகு படிப்பா, வேலையா? படிப்படியான முழு வழிகாட்டி

நியூரோசயின்ஸ் (மூளை, நரம்பு மண்டல அறிவியல்) அல்லது காக்னிடிவ் சயின்ஸில் (சிந்தனை, நினைவு, கவனம் பற்றிய அறிவியல்) பட்டம் முடித்தவர்கள், கடைசி ஆண்டில் இருப்பவர்கள், உயிரியலோ உளவியலோ பொறியியலோ படித்துவிட்டு மூளை ஆராய்ச்சிப் பக்கம் வர நினைப்பவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் இருந்து விண்ணப்பிப்பவர்களை மனதில் வைத்தே எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

நானும் இந்தப் பாதையில் வந்தவன். இப்போது ஜூனியர்களின் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன். அவர்களில் பலர் சறுக்குவதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, வரிசை மாறிப்போவதுதான். முதலில் நாட்டை முடிவு செய்கிறார்கள். அப்புறம் பெரிய நிறுவனத்தின் பெயர், அப்புறம் தேர்வு. "தினமும் என்ன வேலை செய்யப் போகிறேன்" என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அந்தக் கேள்வியை முன்னால் கொண்டுவந்தால் மற்ற முடிவுகளில் பாதி தானாகவே எடுபட்டுவிடும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சேர நினைக்கும் மாதத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்பே தொடங்குங்கள். ஆகஸ்டில் பிஎச்.டி. சேர வேண்டுமென்றால், அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்திலேயே வேலை ஆரம்பித்திருக்க வேண்டும். தேர்வுகளின் விண்ணப்பத் தேதிகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

பெயரைச் சரிபாருங்கள். நம் ஊர் ஆட்களுக்கே உரிய தலைவலி இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். தேர்வு விண்ணப்பத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தால், சரிபார்ப்பு நாளில் கவுன்டரில் நின்று விளக்க வேண்டியிருக்கும். எந்த எழுத்துக்கூட்டலை இனி எல்லா இடத்திலும் பயன்படுத்துவது என்று இப்போதே முடிவு செய்து, மாற்ற வேண்டிய ஆவணங்களை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் வாங்கிய பிசி, எம்பிசி சான்றிதழ் மத்திய நிறுவனங்களின் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமிலேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். வருமானம் பார்த்துத் தருவது என்பதால் பழைய தேதியிட்டதை ஏற்கமாட்டார்கள். இது தெரியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிட்டு, மயிரிழையில் வாய்ப்பை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பரிந்துரைக் கடிதம் தர மூன்று பேர் வேண்டும். உங்களை வகுப்பில் மட்டும் பார்த்த துறைத்தலைவரைவிட, உங்களோடு லேபில் ஆறு மாதம் இருந்த இளம் விரிவுரையாளர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். ஏனென்றால் அவரிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கும்.

1. உங்கள் பட்டம் எதைத் தராது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டில் எல்லோரும் "மூளை டாக்டராகப் போகிறான்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நியூரோசயின்ஸ் எம்.எஸ்சி.யோ பிஎச்.டி.யோ நோயாளிக்குச் சிகிச்சை தரும் உரிமையைத் தராது. நியூராலஜிஸ்ட் ஆக எம்பிபிஎஸ், அப்புறம் எம்.டி., அதற்கு மேல் மூன்று ஆண்டு டி.எம். நியூராலஜி என்பது வழக்கமான பாதை. உங்கள் பட்டத்தில் இருந்து அங்கே குறுக்கு வழி கிடையாது.

இரண்டாவது குழப்பம் கிளினிக்கல் சைக்காலஜி. இந்தியாவில் அந்தப் பெயரில் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். அதற்கு அந்த கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும், அந்தப் படிப்பில் சேர உளவியல் பட்டம் வேண்டும். நியூரோசயின்ஸ் பட்டத்தை உளவியலுக்கு இணையாக எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. இத்தனை காலம் இருந்த எம்.ஃபில். பாதையும் மாறிவருகிறது. அதனால் சீனியர் சொன்ன அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஆர்சிஐ தளத்தில் இந்த ஆண்டு அங்கீகாரம் உள்ள படிப்புகளின் பட்டியலைப் பாருங்கள்.

மூன்றாவது, பலர் கவனிக்காத ஒன்று: கல்லூரி ஆசிரியர் வேலை. உதவிப் பேராசிரியர் பணியிடங்களை விலங்கியல், உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம், உளவியல் என்ற பெயர்களில்தான் அறிவிக்கிறார்கள். நியூரோசயின்ஸ் என்ற பாடப்பெயரோடு விண்ணப்பித்தால் "தொடர்புடைய பாடம் இல்லை" என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. தமிழ்நாட்டு அரசுப் பணிகளுக்கு, உங்கள் பட்டம் இன்ன பட்டத்துக்கு இணை என்று உயர்கல்வித் துறை வெளியிட்ட அரசாணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் பணிதான் லட்சியம் என்றால் இதை எம்.எஸ்சி. சேரும்போதே பாருங்கள். முடித்தபின் பார்த்தால் தாமதம்.

2. எந்த வேலையை நாள் முழுக்கச் செய்வீர்கள் என்று தீர்மானியுங்கள்

"மெமரியில் ஆராய்ச்சி செய்யப் பிடிக்கும்" என்று சொல்வார்கள். மெமரி என்பது தலைப்பு. அந்த ஒரே தலைப்பில் எலியின் மூளையை வெட்டி ஆராயும் லேபும் இருக்கிறது, மனிதர்களை ஸ்கேனரில் படுக்க வைக்கும் லேபும் இருக்கிறது, கணினியை விட்டு எழுந்திருக்காத லேபும் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் நீங்கள் வாழப்போவது தலைப்போடு அல்ல, கைவேலையோடு.

பேட்ச் கிளாம்ப், அதாவது ஒற்றைச் செல்லின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் வேலை, செய்யும் ஒருவரின் நாளைப் பாருங்கள். காலையில் எலியை மயக்கி மூளையை எடுத்து, ஏறத்தாழ 300 மைக்ரான் தடிமனில் சீவுவார். அந்தச் சீவல்கள் 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் குமிழியிடும் உப்புக் கரைசலில் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். அதற்குள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி கண்ணாடிக் குழாயின் நுனியை ஒரு செல்லின் மேல் அமர்த்த வேண்டும். சில நாள் நாலைந்து செல் கிடைக்கும், சில நாள் ஒன்றுகூடக் கிடைக்காது. அப்போது மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு இன்னொரு சீவலை எடுப்பீர்களா, வெறுத்துப்போவீர்களா? இந்தக் கேள்விக்கான பதில்தான் முடிவு.

மனிதர்களோடு செய்யும் இஇஜி (தலைமேல் எலக்ட்ரோடு வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவது), எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதை ஸ்கேனரில் படம் எடுப்பது) வேலையில் பாதி நேரம் ஆள் பிடிப்பதிலும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்குவதிலும், ஸ்கேனர் நேரம் கிடைக்கக் காத்திருப்பதிலும் போகும். பொறுமையாக மனிதர்களிடம் பேச வராதவர்களுக்கு இது சிரமம். கம்ப்யூட்டேஷனல் வேலைக்குக் கணிதம் வேண்டும். லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் இவை மூன்றும் தெரியாமல் அந்தப் பக்கம் போனால் முதல் ஆண்டே மூச்சு முட்டும். உயிரியல் படித்தவர்களும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் ஓர் ஆண்டு ஒதுக்க வேண்டும்.

விலங்கைக் கொல்வதில் மனம் ஒப்பவில்லை என்றால் அதை இப்போதே உங்களுக்குள் ஒப்புக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பழ ஈக்களை வைத்தும், மனிதர்களை வைத்தும், வெறும் தரவை வைத்தும் நல்ல ஆராய்ச்சி நடக்கிறது. லேபில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து அழுதுகொண்டு விலகுவதுதான் எல்லோருக்கும் நஷ்டம்.

3. ஒரு சிறிய வேலையை முழுதாக முடித்துக் காட்டுங்கள்

பத்து ஆன்லைன் சான்றிதழ்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொடங்கி, தடைகளைக் கடந்து, முடித்த ஒரே ஒரு வேலை போதும். லேப் கிடைக்காதவர்கள்கூட இதைச் செய்யலாம், ஏனென்றால் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஓப்பன்நியூரோ தளத்தில் இஇஜி, எஃப்எம்ஆர்ஐ தரவுகள், டாண்டி தளத்தில் நரம்பணுப் பதிவுகள், ஆலன் இன்ஸ்டிட்யூட்டின் தளத்தில் சுண்டெலியின் பார்வைப் புறணித் தரவுகள் கொட்டிக் கிடக்கின்றன.

ஒரு எடுத்துக்காட்டு. ஒரே மாதிரி ஒலிகளுக்கு நடுவே எப்போதாவது வேறு ஒலி வரும் இஇஜி சோதனை ஒன்றின் தரவை இறக்குங்கள். பைதானில் எம்என்இ என்ற இலவசத் தொகுப்பில் திறந்து, முதலில் பவர் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று காட்டும் வரைபடம்) போடுங்கள். 50 ஹெர்ட்ஸில் ஒரு கூர்முனை தெரிந்தால் அது மின்சார லைனின் இரைச்சல். அமெரிக்காவில் பதிவு செய்தது என்றால் 60-இல் தெரியும். 1 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள். நெற்றிப்பக்க எலக்ட்ரோடுகளில் பெரிய மேடுகளாகத் தெரிபவை கண் சிமிட்டல்கள். அவற்றை ஐசிஏ (கலந்திருக்கும் சிக்னல்களைத் தனித்தனியாக்கும் கணித முறை) மூலம் பிரித்து நீக்குங்கள். ஒலி வந்த நேரத்துக்கு 200 மில்லி வினாடி முன்பிருந்து 800 மில்லி வினாடி பின்புவரை துண்டுகளாக வெட்டி, சாதாரண ஒலிக்குத் தனி, அபூர்வ ஒலிக்குத் தனி என்று சராசரி எடுங்கள். அபூர்வ ஒலிக்கான கோடு 300 மில்லி வினாடிக்குப் பிறகு, தலையின் நடு-பின்பகுதி எலக்ட்ரோடுகளில் மேலே எழும். இதுதான் பி300, அபூர்வமான ஒன்றைக் கவனிக்கும்போது மூளை தரும் மின் எதிர்வினை.

இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியையும் ஏன் செய்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடியும். சராசரி எடுக்கும் முன் எத்தனை துண்டுகளை நீக்கினீர்கள், எந்த அளவுகோலில் நீக்கினீர்கள், ஒருவருக்கு மட்டும் பி300 தெரியவில்லை என்றால் என்ன செய்தீர்கள் என்று நேர்காணலில் கேட்பார்கள். நிரலைக் கிட்ஹப்பில் போட்டு, இரண்டு பக்க விளக்கம் எழுதி வையுங்கள்.

தனியாகச் செய்ய முடியாதவர்களுக்கு நியூரோமேட்ச் அகாடமி நல்ல இடம். 2020-இல் தொடங்கிய ஆன்லைன் கோடைப் பள்ளி அது, ஜூலையில் மூன்று வாரம் நடக்கும். கட்டணம் வசிக்கும் நாட்டைப் பொறுத்துக் குறையும். பாடப் பொருள்கள் அனைத்தும் இலவசமாகத் திறந்தே இருக்கின்றன.

பொதுவான பிழை: பைதான், மேட்லேப், ஆர் மூன்றையும் அரைகுறையாகக் கற்பது. பைதான் ஒன்றை உருப்படியாகக் கற்றால் போதும். லேபில் மேட்லேப் கேட்டால் ஒரு மாதத்தில் மாறிக்கொள்ளலாம்.

4. தேர்வுகளை நாட்காட்டியில் குறியுங்கள்

இந்தியாவில் பிஎச்.டி.க்கு ஒரே வாசல் இல்லை. அதனால்தான் பலருக்குத் தலை சுற்றுகிறது. வாசல்களைத் தேதி வரிசையில் பாருங்கள்.

ஜேஜிபில்ஸ், டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) நடத்தும் உயிரியல் தேர்வு, டிசம்பரில் வரும். பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்), மும்பை டிஐஎஃப்ஆர் போன்ற இடங்களுக்கு இதுதான் முக்கிய வாசல். மனப்பாடத்தைச் சோதிக்காது. ஒரு வரைபடத்தைக் கொடுத்து இதில் இருந்து என்ன முடிவுக்கு வரலாம், எதற்கு வரக்கூடாது என்று கேட்கும். பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பதுதான் தயாரிப்பு.

கேட், அதாவது பொறியியல், அறிவியல் மேற்படிப்புக்கான தேசியத் தேர்வு, பிப்ரவரியில் வரும், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். உயிரியல் ஆட்கள் எழுதும் எக்ஸ்எல் தாளில் வேதியியல் கட்டாயம், 25 மதிப்பெண். நியூரோ மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் அங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். உளவியல் படித்தவர்களுக்கு எக்ஸ்எச் தாளில் உளவியல் பிரிவு இருக்கிறது. பொறியியல் ஆட்கள் தங்கள் துறைத் தாளையே எழுதலாம்.

சிஎஸ்ஐஆர் நெட், அதாவது அறிவியல் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் தகுதிக்குமான தேசியத் தேர்வு, ஆண்டுக்கு இரு முறை. லைஃப் சயின்ஸ் பாடத்திட்டத்தின் பதின்மூன்று அலகுகளில் நரம்பு மண்டலம் விலங்கு உடலியங்கியலுக்குள் ஒரு சிறு பகுதி, அவ்வளவுதான். தாவரமும் சூழலியலும் பரிணாமமும் வரும். ஆனால் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதத் தேவையில்லை. பகுதி சி-யில் 75 கேள்விகளில் 25-க்கு எழுதினால் போதும். எனவே ஐந்தாறு அலகுகளை ஆழமாகப் படியுங்கள். ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அடுத்த ஆண்டுகளில் 42,000 ரூபாய், இதோடு வீட்டு வாடகைப் படி. சொந்த ஸ்டைபெண்டோடு வரும் மாணவரைச் சேர்ப்பது பேராசிரியருக்கு எளிது என்பதால், இந்த ஒரு தேர்வு பல கதவுகளைத் திறக்கும். ஜேஆர்எஃப் கிடைக்காமல் நெட் மட்டும் தேறினாலும், 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம். அதற்கு ஓராண்டு மட்டுமே ஆயுள்.

நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க யுஜிசியின் 2022 விதிகள் இடம் தருகின்றன. மூன்றாண்டு பட்டம் மட்டும் இருந்தால் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யை (முதுநிலையும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பை) பாருங்கள். ஐஐஎஸ்சியில் (பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில்) அதற்கு ஜாம் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு வழியாக வரவேண்டும்.

எல்லாத் தேர்வையும் எழுதாதீர்கள். இரண்டைத் தேர்ந்தெடுத்து ஒழுங்காகப் படித்தால் பலன் அதிகம்.

5. லேப் அனுபவம் தேடுங்கள்

படிக்கும்போதே என்றால், இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து தரும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் உட்காரலாம். படிப்பு முடிந்துவிட்டது என்றால் புராஜெக்ட் அசோசியேட், புராஜெக்ட் ஜேஆர்எஃப் என்ற பெயரில் லேபின் ஆராய்ச்சித் திட்டங்களில் கிடைக்கும் தற்காலிக வேலைகள். நிறுவனங்களின் இணையதளத்தில் விளம்பரம் வரும், பெரும்பாலும் இரண்டு வாரமே அவகாசம் இருக்கும். வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில்தான் பலருடைய வாய்ப்பு போகிறது. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மதிப்புமிக்க ஆய்வுக்கூடத்தில் வாய்ப்புத் தாருங்கள்" என்று தொடங்கி, ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புகிறார்கள். படிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இப்படி எழுதிப் பாருங்கள். முதல் வரியில் நீங்கள் யார், எப்போது முதல் எத்தனை மாதம் வர முடியும். அடுத்த இரண்டு வரியில் அவருடைய அண்மைய கட்டுரை ஒன்றைப் படித்தபோது எழுந்த உண்மையான கேள்வி ஒன்று. அடுத்து நீங்கள் முடித்த வேலை, அதன் இணைப்பு. கடைசியில், இடம் இருக்கிறதா என்ற நேரடிக் கேள்வி. மொத்தம் பத்து வரி. ஒரு பக்க சிவியை பிடிஎஃப் ஆக இணையுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

சம்பளம் இல்லாமல் ஓராண்டு வேலை வாங்கப் பார்க்கும் இடங்களும் உண்டு. இரண்டு மாதப் பயிற்சி என்றால் சரி. அதற்கு மேல் காசு தராத இடத்தில் இருக்காதீர்கள்.

6. லேபையும் கைடையும் தேர்ந்தெடுங்கள்

இரண்டாவது படியில் எடுத்த முடிவு இங்கேதான் கைகொடுக்கும். மின்னியல் பதிவும் கணிப்பும் என்றால் பெங்களூரு ஐஐஎஸ்சியின் நரம்பியல் அறிவியல் மையம். அங்கே சுப்ரதிம் ரே குழு மூளை அலைகளில், குறிப்பாகக் காமா எனப்படும் வேகமான அலைவுகளில் வேலை செய்கிறது. நினைவின் மூலக்கூறு, நரம்புச் சுற்று, கணினி மாதிரி என்றால் என்சிபிஎஸ். மனநிலையும் செரடோனினும் என்றால் மும்பை டிஐஎஃப்ஆரில் விதிதா வைத்யா. நோயாளிகளோடு சேர்ந்த ஆராய்ச்சிக்கு பெங்களூரின் நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம்), திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம். மூளைக்கென்றே தனி நிறுவனம் வேண்டுமென்றால் ஹரியானா மானேசரில் என்பிஆர்சி (தேசிய மூளை ஆராய்ச்சி மையம்). காக்னிடிவ் சயின்ஸ் என்றால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், ஐஐடி காந்திநகர், ஐஐடி கான்பூர்.

சென்னையிலேயே இருக்க வேண்டியவர்களும் வருத்தப்பட வேண்டாம். ஐஐடி மெட்ராஸில் வி. ஸ்ரீநிவாச சக்ரவர்த்தி பார்க்கின்சன் நோய்க்கான கணினி மாதிரிகளில் நெடுங்காலமாக வேலை செய்கிறார். அதே வளாகத்தில் இருக்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மனிதக் கருவின் மூளையைச் செல் அளவில் காட்டும் 'தரணி' வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டது. 5,132 சீவல்கள் அதில் இருக்கின்றன. திசு வெட்டுபவர், படம் எடுப்பவர், பட ஆய்வு செய்பவர், சர்வர் பார்ப்பவர் என்று பலவகை ஆட்களை இப்படிப்பட்ட வேலை கேட்கும். மனச்சிதைவு நோய் ஆராய்ச்சியில் ஆர்வம் என்றால் ஸ்கார்ஃப் என்ற ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது.

கைடு விஷயத்தில் கூச்சம் பார்க்காதீர்கள். அங்கே படிக்கும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், போனில் பேசுங்கள். கேட்க வேண்டியவை: போனவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், நடுவில் விட்டவர்கள் உண்டா, கைடு வாரம் ஒருமுறையாவது சந்திக்கிறாரா, ஞாயிற்றுக்கிழமை விடுப்பு உண்டா. பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுங்கள். பெயர்பெற்ற நிறுவனத்தில் மோசமான கைடிடம் மாட்டியவர்களைவிட, சிறிய இடத்தில் நல்ல கைடிடம் இருப்பவர்கள் நலமாக இருக்கிறார்கள். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

7. வெளிநாடு என்றால், பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் நேரடியாகப் பிஎச்.டி. விண்ணப்பிக்கலாம். சேர்க்கை கிடைத்தால் கட்டணமும் ஸ்டைபெண்டும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. விண்ணப்பக் கெடு டிசம்பர் தொடக்கத்தில் வரும், நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியில், முடிவைச் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம். நியூரோசயின்ஸ் துறைகள் பல இப்போது ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வைக் கேட்பதில்லை, கேட்காத இடத்துக்காகக் காசைச் செலவழிக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடி உண்டா என்று எழுதிக் கேளுங்கள்.

ஜெர்மனியில் கோட்டிங்கன் சர்வதேச மேக்ஸ் பிளாங்க் பள்ளி ஓராண்டு தீவிரப் பாடத்துக்குப் பின் நேராகப் பிஎச்.டி.க்கு அனுப்பும். பெர்லினில் கம்ப்யூட்டேஷனல் நியூரோசயின்ஸுக்கு என்றே முதுநிலைப் படிப்பு உண்டு. ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள், அது முழு உண்மை இல்லை. ட்யூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது) வேண்டும், அது வர மாதக்கணக்கில் ஆகலாம். ஸ்காலர்ஷிப் இல்லாமல் போகிறவர்கள் வங்கியில் முடக்கி வைக்க வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. விண்ணப்பிக்கும்போது நடப்புத் தொகையைத் தூதரகத் தளத்தில் பாருங்கள்.

ஜப்பானின் ஓகினாவாவில் உள்ள ஓஐஎஸ்டி என்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தை நம் பிள்ளைகள் அதிகம் கவனிப்பதில்லை. ஐந்தாண்டுப் பிஎச்.டி., எல்லோருக்கும் உதவித்தொகை, முதல் ஆண்டில் மூன்று லேபுகளில் மாறி மாறி வேலை. ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி.க்கு வீட்டை அடமானம் வைத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. லண்டனில் கட்டணம் மட்டுமே 30 லட்சம் ரூபாயைத் தாண்டும். ஏற்கனவே இங்கே எம்.எஸ்சி. முடித்தவர் அந்த ஓராண்டில் புதிதாகப் பெறுவது என்ன என்று தெளிவான பதில் இல்லாவிட்டால் போகாதீர்கள்.

8. நேர்காணலுக்குத் தயாராகுங்கள்

உங்கள் எம்.எஸ்சி. புராஜெக்டில் இருந்துதான் தொடங்குவார்கள். "கன்ட்ரோல் என்ன? இந்த முடிவு தவறாக இருந்தால் எப்படித் தெரியும்?" இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

அப்புறம் அடிப்படை. "செல்லுக்கு வெளியே பொட்டாசியத்தைக் கூட்டினால் என்ன ஆகும்?" என்பார்கள். "செல் அதிகமாகத் துடிக்கும்" (அதாவது மின்துடிப்புகளை அனுப்பும்) என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்துவது வழக்கமான பிழை. எழுந்து போர்டில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை (அயனிச் செறிவில் இருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடுவது) எழுதுங்கள். பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் ஏறத்தாழ மைனஸ் 90 மில்லிவோல்ட். வெளியே செறிவு கூடினால் அது பூஜ்ஜியத்தை நோக்கி நகரும், ஓய்வு மின்னழுத்தமும் (செல் துடிக்காதபோது உள்ளது) கூடவே மேலேறும். கொஞ்சம் ஏறினால் செல் எளிதில் துடிக்கும். மிக அதிகம் ஏறினால் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சோடியம் வாய்க்கால்கள் முடங்கிய நிலையிலேயே நின்றுவிடும், செல்லால் துடிக்கவே முடியாது. இப்படிப் படிப்படியாக யோசிப்பதைத்தான் அவர்கள் பார்க்க விரும்புகிறார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், உடனே "ஆனால் இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால்" என்று தொடருங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பயப்பட வேண்டாம். மெதுவாகப் பேசுவதால் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. தமிழ்வழியில் படித்தவர்கள் நண்பர் ஒருவருக்குப் புராஜெக்டை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

9. பிஎச்.டி. வேண்டாம் என்றால்

இதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். ஐந்தாறு ஆண்டு ஆராய்ச்சி எல்லோருக்கும் பொருந்தாது, வீட்டுச் சூழலும் இடம் தராது. ஆனால் "நியூரோசயின்டிஸ்ட் தேவை" என்று வேலை விளம்பரம் வராது. திறமையின் பெயரில் தேட வேண்டும்.

மருந்து ஆராய்ச்சி ஒப்பந்த நிறுவனங்கள்: சின்ஜீன், அராஜென் போன்றவை செல், விலங்கு ஆய்வு அனுபவம் உள்ளவர்களை எடுக்கின்றன. மருத்துவப் பரிசோதனை ஒருங்கிணைப்பு: பெரிய மருத்துவமனைகளிலும் ஐக்யூவியா போன்ற நிறுவனங்களிலும் கிடைக்கும். இதற்கு ஜிசிபி எனப்படும் நல்ல மருத்துவப் பரிசோதனை நடைமுறைச் சான்றிதழை முதலில் எடுத்துவிடுங்கள், ஆன்லைனில் சில நாளில் முடியும். மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பில் வேலை எளிதில் கிடைக்கும். ஆனால் இரண்டு ஆண்டுக்குப் பின் அலுப்புத் தட்டும் என்று பலர் சொல்கிறார்கள்.

மருத்துவப் படங்களைக் கணினியால் படிக்கும் நிறுவனங்கள் வளர்கின்றன. மும்பையின் க்யூர்.ஏஐ தலை சிடி ஸ்கேனில் ரத்தக் கசிவைக் கண்டறியும் மென்பொருள் செய்கிறது. பெங்களூரின் பிரெய்ன்சைட்ஏஐ மூளையின் எம்ஆர்ஐ தரவில் வேலை செய்கிறது. மூன்றாம் படியில் செய்த புராஜெக்ட் இங்கே நேரடியாக உதவும்.

எழுத்து வருகிறவர்களுக்கு மெடிக்கல் ரைட்டிங், அதாவது மருத்துவ ஆய்வு ஆவணங்களை எழுதும் வேலை. சட்டத்தில் ஆர்வம் இருந்தால் காப்புரிமை முகவர் தேர்வு: அறிவியல் பட்டம் போதும், சட்டப் பட்டம் தேவையில்லை.

இஇஜி டெக்னீஷியன் வேலையை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அதற்கென்று தனிப் பட்டய, பட்டப் படிப்புகள் இருக்கின்றன, மருத்துவமனைகள் அவற்றைத்தான் கேட்கின்றன. எம்.எஸ்சி.யைக் காட்டி உள்ளே போனாலும் பதவி உயர்வில் தடை வரும்.

10. சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு

உடனே ஆம் சொல்லாதீர்கள், கெடு வரை நேரம் எடுங்கள். ஸ்டைபெண்ட் மாதாமாதம் வருகிறதா என்று கேளுங்கள். அரசு உதவித்தொகைகள் சில மாதம் தாமதமாவது பலருக்கும் நடக்கிறது, எனவே மூன்று மாதச் செலவுக்காவது கையில் பணம் வைத்துக்கொண்டு போங்கள். கைடு ஓய்வு பெறும் ஆண்டைக் கணக்கிடுங்கள். நடுவில் ஓய்வு பெற்றால் இணை கைடு யார் என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள். விடுதி உண்டா, திருமணமானவர்களுக்குத் தனி அறை உண்டா, மகப்பேறு விடுப்பில் ஸ்டைபெண்ட் தொடருமா என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

சேரும் நாளுக்கு மாற்றுச் சான்றிதழ், மைக்ரேஷன் சான்றிதழ், புரொவிஷனல், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், ஓபிசி அல்லது எஸ்சி, எஸ்டி சான்றிதழ் என அசல்கள் வேண்டும். மைக்ரேஷன் சான்றிதழைக் கல்லூரி தராது, பல்கலைக்கழகத்தில் பணம் கட்டித் தனியாக வாங்க வேண்டும். கடிதம் வந்த வாரமே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.